காலிக் கட்டத்தில் நான் போட்ட பூஜ்யம்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். காற்று இல்லை.

எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டிடம் என்று வைத்துக்கொள்ளலாம். டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் நல்ல நல்ல பதிலாக யோசிக்கும் ரகம் நான். இன்று அப்படி யோசித்தவை அளவுக்கு மீறிவிட்டன. எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. குடை கம்பி. கேஸ் புக் பண்ண. வெள்ளிக்குள் பதில்.

கடைசி ஒன்றுதான் விஷயம். உப்பளம் பகுதி ஆபீஸில் ஆறு வருடம் ஆகிறது. டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்து, டேட்டா சயின்டிஸ்ட் ஆனேன். (எங்கள் ஊர் பிள்ளைச்சாவடியில் இதை ‘கம்ப்யூட்டர்ல இன்னாவோ பாக்குது’ என்பார்கள். ஏறக்குறைய சரிதான்.) எந்தக் கரையில் நாளை எவ்வளவு மீன் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் மாடல் என் பொறுப்பு. மீன் வாங்கும் கம்பெனி ஒன்று அதைப் பார்த்துத்தான் தன் ஐஸ் வண்டியை எந்தக் கரைக்கு முதலில் அனுப்புவது, எதற்குக் கடைசியில் என்று முடிவு செய்கிறது.

இன்று மீட்டிங். மேனேஜர் பிரபாகர் சார் (இனி பி.) எல்லார் முன்னாலும் அறிவித்தார். எனக்கு ‘சீனியர்’ பதவி. இன்னும் பதினெட்டு கரைகளுக்கு இதே மாடல். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து. “அமுதா பேசாது. அது செய்ற வேலை பேசும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நான் போட்ட படங்களைத் திரையில் காட்டி அரை மணி நேரம் அவர் பேசினார். கைதட்டல் அவருக்கு. எனக்கு ஒரு சமோசா.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று டெம்போவில் யோசித்தேன், காலாப்பட்டு பஸ்ஸிலும் யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவே சொல்லிவிட்டாள், தெரியாமல்.

அம்மா கரையில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவள். கத்தியைக் கழுவிக்கொண்டே: “இன்னிக்கும் ஒம்போதரைக்குத்தாண்டி வந்தான் ஐஸ் வண்டிக்காரன். வைத்திக்குப்பத்துக்கு மட்டும் ஏழு மணிக்கே போறானாம். நம்ம மீனு இன்னா சொத்தையா? சங்கரா பூரா கொழகொழன்னு போச்சு. எந்தக் கட்டையில போறவன் நம்மூர கடைசியில எழுதி வச்சானோ, அவன் கை வெளங்காம போக.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் வலது கையைப் பார்த்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

குடை மறந்தேன். மழையும் வரவில்லை.

ஆபீஸில் முதல் வேலையாக எங்கள் ஊரின் கணக்கைத் திறந்தேன். ஆறு வருடத்தில் முதல்முறை. வெட்கமாக இருக்கிறது இதை எழுத. பதின்மூன்று கரைகள் எனக்குப் பதின்மூன்று கோடுகள். அதில் ஒரு கோட்டில்தான் நான் குளிக்கிறேன், தூங்குகிறேன் என்ற நினைப்பே இல்லை.

பிள்ளைச்சாவடிக்கு நம்பகத்தன்மை மிகக் குறைவு என்று மாடல் சொல்கிறது. காரணம், பூஜ்யங்கள். மற்ற கரைகளைவிட எங்களுக்குப் பூஜ்ய நாள் அதிகம். வண்டி போய் வெறுமனே திரும்பும் ஊர் என்று அதற்குத் தோன்றிவிட்டது.

அந்தப் பூஜ்யங்களைப் போட்டது யார்? நான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. கரையில் கணக்கெடுப்பவர்கள் தினம் காலையில் போனில் எண்ணிக்கை அனுப்புவார்கள். சில நாள் கட்டம் காலியாக வரும். “காலியா இருந்தா மாடல் ஓடாது. சைபர் போட்டு நிரப்பிடு” என்றார் பி. ஏன் காலியாக வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு வரி எழுதினேன். காலி என்றால் பூஜ்யம். அந்த வரி அன்றிலிருந்து தினமும் தானாக ஓடுகிறது.

இன்று அந்தத் தேதிகளை மட்டும் தனியாக எடுத்து, காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

— மாசி மகம். சாமி கடலுக்கு வந்த நாள். யார் படகு இறக்குவார்கள்?
— ஏழுமலை மாமாவை எடுத்த நாள்.
— தெற்குத் தெரு ராணி அக்கா, பிரசவத்தில்.
— அடுத்தடுத்து இரண்டு நாள். எதிர்வீட்டுப் பெரியப்பா, மறுநாள் அவர் மனைவி.
— ஐப்பசியில் ஒரு வியாழன். அப்பா.

எங்கள் ஊரில் யார் வீட்டுச் சாவானாலும் பிணம் எடுக்கும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. பஞ்சாயத்தில் சொல்லக்கூட வேண்டாம், சங்கு ஊதினால் போதும். கடலில் போட்டவன்கூட வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வருவான். அப்பா போன அன்று ஊர் முழுவதும் எங்கள் வாசலில் நின்றது. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வந்தார்கள். கரையில் படகுகள் வரிசையாகச் சும்மா கிடந்தன. நான் உள்ளே அழுதுகொண்டிருந்தபோது, நான் எழுதிய வரி ஓடி, அந்த நாளுக்குப் பூஜ்யம் போட்டு, இந்த ஊரை நம்ப முடியாது என்று எழுதி வைத்திருக்கிறது.

அரசாங்கத் தடைக்காலத்துக்கு மாடலில் தனிக் கட்டம் உண்டு. தீபாவளி, பொங்கல், குடியரசு தினம் உண்டு. குடியரசு தினத்தன்று எங்கள் ஊரில் தாராளமாகக் கடலுக்குப் போவார்கள். சாவுக்குக் கட்டம் இல்லை.

தெரியாதவன் செய்திருந்தால் திட்டலாம். எனக்குத் தெரியும். தெரிந்த நான் செய்தேன்.

மதியம் சாப்பிடவில்லை. சௌம்யா (பக்கத்து மேஜை, என் ஒரே தோழி) என் டப்பாவையும் சாப்பிட்டாள்.

ஜூலை 9, புதன்

பி.யிடம் சொன்னேன். வரிக்கு வரி எழுதி வைக்கிறேன், ஆத்திரம் ஆறுவதற்குள்.

“சார், பிள்ளைச்சாவடியில இருக்கிற சைபர்லாம் சைபர் இல்ல சார்.”

“பின்ன ஒண்ணா?”

“அன்னிக்கு கடலுக்கே போகல சார். ஊர்ல சாவு.”

“யாரு?”

“வேற வேற ஆளுங்க. வேற வேற நாள்.”

“சரி, மீன் வந்துச்சா?”

“வரல.”

“அப்போ சைபர்தானே?” சிரித்தார். “இன்னா அமுதா, நீயே சொல்லு.”

பரீட்சைக்கே வராதவனும் பரீட்சையில் சைபர் வாங்கியவனும் ஒன்றா சார்? இதை நான் கேட்கவில்லை. டெம்போவில் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தோன்றியது. இப்படித்தான் எப்போதும்.

மேலும் அவர்: மாடல் நன்றாக ஓடுகிறது, கை வைக்காதே. அடுத்த வருடம் பார்க்கலாம். புதிய பதினெட்டு கரைகளுக்கும் இதே வரியைப் போட்டு சீக்கிரம் முடி.

பதினெட்டு கரைகள். அங்கெல்லாம் கட்டம் எதனால் காலியாக வரும்? எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் என்பதால் இது ஒன்று தெரிந்தது. ஒரு கரையில் கோயில் திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருப்பார்கள், இன்னொன்றில் வலைச் சண்டையில் பஞ்சாயத்து தொழிலை நிறுத்தியிருக்கும். மேஜையில் உட்கார்ந்துகொண்டு அத்தனைக்கும் பூஜ்யம் போட எனக்குப் பதவி உயர்வு.

அந்தக் கோபத்தில் வாயில் வந்துவிட்டது. “சார், களப் பொறுப்பாளர் வேலை ஏப்ரல்லேர்ந்து காலியாத்தானே இருக்கு. அத எனக்குத் தாங்க.”

கரை கரையாகப் போய், கணக்கெடுப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அவர்கள் அனுப்புவதைச் சரிபார்க்கிற வேலை அது. விடிகாலையில் மணலில் நிற்க வேண்டும். டிப்ளமா படித்தவர்கள் வருவார்கள், நாலு மாதத்தில் போய்விடுவார்கள்.

பி. பேனாவைக் கீழே வைத்தார். “உனக்கு இன்னா பைத்தியமா? எல்லாரும் அங்கேர்ந்து இங்க வர பாக்குறாங்க. நீ நாலு பேர் முன்னாடி வாயே தொறக்க மாட்ட. ஏலத்துல நிக்கிற பொம்பளைங்க உன்ன கடிச்சி துப்பிடுவாங்கம்மா.”

அந்தப் பொம்பளைகளில் ஒருத்திதான் எனக்கு தினம் டப்பா கட்டித் தருகிறாள். இதையும் சொல்லவில்லை. ஆறு வருடமாகச் சொன்னதில்லை. ‘அம்மா மார்க்கெட்ல பிசினஸ்’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். கோபப்பட எனக்கு முழு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பட்டாயிற்று.

ஜூலை 10, வியாழன்

மேற்கே இருந்து கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல்.

ஆபீஸுக்கு முன் வைத்திக்குப்பம் போனேன். என்னால் அங்கே நின்று பேச முடியுமா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் சோதித்துப் பார்க்க தைரியம் இல்லை.

படகுகள் வந்து இறங்கும் நேரம். ஒரே கத்தல். பத்து நிமிடம் ஒரு வலைக்குவியலுக்குப் பக்கத்தில் கைப்பையைப் பிடித்தபடி நின்றேன். “ஏம்மா, மீன் வாங்கவா, போட்டோ எடுக்கவா?” என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். பிறகு அங்கே எங்களுக்குக் கணக்கெடுக்கும் செல்வி அக்காவைக் கண்டுபிடித்தேன். நாற்பது வயது இருக்கும். காதில் போன், இடுப்பில் பொடி நோட்டு. மூன்று வருடமாக அவர் அனுப்பும் எண்கள் எனக்கு மனப்பாடம். முகம் இன்றுதான்.

“அக்கா, சில நாள் காலியா அனுப்புறீங்களே. மறந்துட்டா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மறக்கறதா? நான் ஒரு நாள் மறந்ததில்ல. வலை போட்டு ஒண்ணும் மாட்டலன்னா சைபர் போடுவேன். கடலுக்கே போகலன்னா இன்னாத்துக்குப் போடணும்? அதான் சும்மா உட்டுடறது. ஏன், ஆபீஸ்ல அது கூடவா தெரியல?”

“தெரியலக்கா.”

“படிச்சவங்கதானே?”

“படிச்சவங்கதான்.”

“அப்போ சரி” என்றார். கூட இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஆனால் எழுத வேண்டியது இதுதான். அவர் சரியாக எழுதியிருக்கிறார். பூஜ்யம் வேறு, காலி வேறு என்று யாரும் சொல்லித் தராமலே பிரித்து வைத்திருக்கிறார். மாஸ்டர்ஸ் படித்த நான் ஒரே வரியில் அதை அழித்தேன். அவருக்கு நாள் கூலி. எனக்குப் பதவி உயர்வு.

இன்னொன்று. அங்கே என்னை யாரும் கடித்துத் துப்பவில்லை. பத்து நிமிடம் பேசினேன். நான் கேட்கத்தான் வேண்டியிருந்தது. பேசுவதை எல்லாம் அவர்களே பேசினார்கள். கூச்சக்காரிக்கு இதைவிட ஏற்ற வேலை உண்டா?

மதியம் சௌம்யாவிடம் சொன்னேன். அவள்: “லூசு. சீனியர்னு போட்டுகிட்டு ரெண்டு வருஷம் ஓட்டிட்டு பெங்களூருக்குப் போ. இப்ப கீழ போனா மறுபடி மேல வர முடியாது. எவனும் ரெஸ்யூமே பாக்க மாட்டான்.” பிறகு, என் மீன் வறுவலை எடுத்துக்கொண்டே: “நான்னா கையெழுத்துப் போட்டுடுவேன். ஆனா அந்த சைபருக்குப் பின்னாடி இன்னா இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது. உனக்குத் தெரியுது. அதான் கஷ்டம்.”

அவள் சொல்வதில் தவறு இல்லை. ‘கீழே’ என்கிறாள், எல்லாரும் ‘கீழே’ என்கிறார்கள். உப்பளத்தில் எங்கள் ஆபீஸ் இரண்டாவது மாடியில். அவ்வளவுதான் உயரம்.

ஜூலை 11, வெள்ளி

செய்துவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன்.

காலை: அந்த வரியை மாற்றினேன். காலி என்றால் காலியாகவே விடு, அந்த நாளைக் கணக்கில் சேர்க்காதே. சௌம்யா பார்த்து சரி என்றாள். பி. ஒப்புதல் கொடுக்க வேண்டும். மறுத்தார். “நான்தான் அடுத்த வருஷம்னு சொன்னேன்ல?”

பேச்சில் நான் தோற்றுவிடுவேன் என்று தெரியும். இடத்துக்குப் போய் மெயில் எழுதினேன். மூன்றே வரி. இது தவறு என்று தெரியவந்துள்ளது. இதனால் ஒரு கரைக்கு வண்டி தாமதமாகப் போகிறது. அப்படியே விட வேண்டுமென்றால் தயவுசெய்து பதில் மெயிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். கீழே என் பெயர்.

பதில் வரவில்லை. இருபது நிமிடம் கழித்து அவரே வந்து, யாரையும் பார்க்காமல், “போட்டுத் தொலை” என்றார். போட்டேன். வண்டி உடனே மாறாது. ஒரு மாதமாவது ஆகும்.

மதியம்: சீனியர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்து இல்லாமல்.

“நான்தான் வரிய மாத்த உட்டேனே. அப்புறம் இன்னா கோவம்?”

“கோவம் இல்ல சார்.” (பொய்.) “காலி இப்ப காலியாத்தான் இருக்கு. ஏன் காலின்னு யாராவது போய் கேக்கணும். நான் கேக்கறேன்.”

“அங்க போனா இந்தப் பேர், இந்த கிரேடு எதுவும் இல்ல. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அழுதுட்டு வந்து நிக்காத.”

“நின்னா திருப்பி அனுப்புங்க சார்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த ஒரு பதில் மட்டும் பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல் அங்கேயே வந்தது. திங்கள் முதல் களப் பொறுப்பாளர். முதல் கரை எது என்று நானே முடிவு செய்யலாம் என்றார், ஏதோ தண்டனை கொடுப்பவர் போல. பிள்ளைச்சாவடி என்றேன்.

கண் சொட்டு மருந்து வாங்கினேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

சொன்னேன். முதலில் பூஜ்யத்தை.

அம்மாவுக்குப் புரிய வைக்கக் கஷ்டப்படுவேன் என்று நினைத்தேன். அரை நிமிடம். “அப்போ சாவு உழுந்த நாளெல்லாம் நம்மள சோம்பேறின்னு எழுதிட்டியா?” என்றாள். ஆறு வருடத்தில் என் வேலையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

“ஆமாம்மா.”

“உங்கப்பாவ எடுத்த நாளு?”

“அதையும்.”

மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே: “இத்தினி நாளா தெனம் உன்னத்தான் சபிச்சிக்கிட்டு இருந்தேனா? வாயத் தொறந்து சொல்றதுக்கென்னா? இன்னா பொண்ணு நீ.” அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. கையை நீட்டச் சொல்லி, என் விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தாள்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. வேலை மாறியதைச் சொன்னேன். கையை விட்டுவிட்டாள்.

“எங்க?”

“நம்ம கரையில. கணக்கு எழுதறவங்களப் பாத்துக்கற வேலை.”

“தப்பு பண்ணா ஆபீஸ்ல குந்திகிட்டே சரி பண்ணு. அதுக்கு எதுக்குடி மணலுக்கு வரணும்? நான் இந்தக் கூடையத் தூக்குனது உன்ன அங்க நிக்க வைக்கவா? வேலைய உட்டுத் துரத்திட்டாங்கன்னு பேசும் ஊரு. படிச்சிட்டு இன்னா கிழிச்சான்னு கேப்பாளுங்க. நான் எவ மூஞ்சியப் பாக்கறது?”

விளக்கினேன். செல்வி அக்காவைப் பற்றிச் சொன்னேன். மற்ற கரைகளைப் பற்றிச் சொன்னேன். மீனையே பார்க்காமல் ஆறு வருடம் மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், இனி முடியாது என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு எழுந்து கூடையை நிமிர்த்தினாள்.

“வர்றதுன்னா வா. உன் இஷ்டம். ஆனா அங்க எங்கிட்ட வந்து நிக்காத. நான் உன்ன பாக்காத மாதிரிதான் இருப்பேன்.”

பி. சொன்னபோது வந்த கோபம் வேறு. இது உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. எல்லாரும் என்னை மேலே தள்ளி வைத்துவிட்டு, அங்கேயே இரு என்கிறார்கள். அம்மாவும். அவள் தினம் நிற்கிற இடம் எனக்குக் கேவலம் என்று அவளே நினைக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது இதை? நான்தானோ? ‘மார்க்கெட்ல பிசினஸ்’ என்று சொன்னது அவள் காதுக்கும் எட்டியிருக்குமோ?

ஜூலை 13, ஞாயிறு

சாயங்காலம். ஒரு தூறல், நின்றுவிட்டது.

நாளைக்கு: புது நோட்டு இரண்டு. பேனா. தண்ணீர் பாட்டில். பழைய சுடிதார், நனைந்தால் பரவாயில்லை. ஐந்தரைக்குக் கரையில் இருக்க வேண்டும். போனில் அனுப்பும் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: ‘இன்று தொழிலுக்குப் போகவில்லை என்றால், ஏன்?’ பதிலை அவரவர் வார்த்தையில் எழுதலாம்.

அம்மா நேற்றிலிருந்து சரியாகப் பேசவில்லை. மதியம் நெத்திலிக் குழம்பு வைத்தாள், எனக்குப் பிடித்தது. கிண்ணத்தைத் தள்ளிவிட்டுப் போனாள். இப்போது அடுக்களையில் பாத்திரத்தைப் போடுகிற சத்தம் வேண்டிய அளவைவிட அதிகம்.

சௌம்யாவின் மெசேஜ்: ‘உன் சேரை நான் எடுத்துகிட்டேன். திருப்பித் தர மாட்டேன்.’

அம்மாவை அங்கே என்னிடம் பேசச் சொல்லப் போவதில்லை. பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். எனக்காக யாரிடமும் சண்டை போடவும் வேண்டாம். ஏலத்தில் அவளுக்கு ஒரு இடம் இருக்கிறது, அதை நான் குலைக்க மாட்டேன். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நேற்றிலிருந்து நாக்கிலேயே நிற்கிறது. இங்கே எழுதிவிட்டு, எழுந்து போய், பாத்திரச் சத்தத்துக்கு மேலே சொல்லிவிடப் போகிறேன்:

அம்மா, நாளைக்கு எவளாவது வந்து, இன்னாடி உம் பொண்ண வேலைய உட்டுத் துரத்திட்டாங்களான்னு கேட்டா, ‘இல்ல, அவளே கேட்டு வாங்கிட்டு வந்தா’ன்னு மட்டும் சொல்லு.